அரைப் பக்க அறிவியல்

— கையெழுத்துக்கு வர்றவங்க பேனா இல்லாமயா வருவாங்க? சரி, என் பேனாவே இருக்கு. முதல் பக்கத்தைத் திறங்க. யார் பேருக்குப் போடட்டும்?

— கையெழுத்து வேண்டாம் சார். ‘ம’ வரிசைக்கு வாங்க. மரபணுச் சான்றுன்னு ஒரு தலைப்பு எழுதியிருக்கீங்க.

— ஓஹோ, தப்பு கண்டுபிடிக்கிற கட்சியா! அப்ப நல்லா சாஞ்சு உக்காருங்க. உங்க கட்சியில உறுப்பினர் ஜாஸ்தி. போன வாரம் ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாரு. ஒளியோட வேகத்துல நான் ஒரு சைபரை முழுங்கிட்டேனாம். அதைச் சொல்றதுக்குன்னே பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்காரு மனுஷன்.

— முழுங்கினது நெஜமா சார்?

— நெஜந்தான். அதனால அவர் வீட்டு பல்பு எரியாம போயிடுச்சா?

— சரி. பதிஞ்சுக்கறேன்.

— என்னத்தைப் பதிஞ்சுக்கறீங்க?

— பழக்கதோஷம் சார். குடிநீர் ஆபீஸ்ல புகார்ப் பிரிவுல இருக்கேன். யார் எதைச் சொன்னாலும் வாய் தானா அப்படிச் சொல்லிடுது.

— நல்ல பொருத்தம். குழாய்ல தண்ணி வரலைன்னு கத்துறவங்களைக் கேட்டுக் கேட்டு, இப்ப நீங்களே கிளம்பிட்டீங்க கத்தறதுக்கு.

— ஏங்க, வந்தவங்களை இப்படித்தான் வாசல்லயே கடிச்சு வைப்பீங்களா? வாங்கம்மா. நான் இவர் வீட்டுக்காரி. ‘அரைப் பக்க அறிவியல்’ இருக்கே, அது பூரா டைப் அடிச்ச கை இதுதான். காபி போடட்டுமா?

— தண்ணி போதுங்க.

— அடியே, தண்ணி கொடுத்துட்டு நீ உள்ள போ. அச்சகத்துலேருந்து போன் வரும், எடுத்துடாத, நான் பேசிக்கறேன். புதுப் பதிப்பும்மா. ஆறாவது. இன்னைக்கு மெஷின்ல ஏறுது. இந்த மொழியில எந்த அறிவியல் புத்தகம் ஆறு தடவை அச்சாகியிருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— தெரியல சார்.

— தெரியாது. ஏன்னா கிடையாது. விஞ்ஞானிங்க எழுதினா யாருக்குப் புரியும்? ஒரு வரி ஆரம்பிச்சாங்கன்னா அது முடியறதுக்குள்ள நமக்குத் தாடி நரைச்சுடும். ‘ஆயினும்’, ‘எனினும்’, ‘ஒருவேளை’. எதையும் உடைச்சுச் சொல்ல தைரியமில்லாத கூட்டம். நான் உடைச்சேன். கருந்துளைன்னா அரைப் பக்கம், குவாண்டம்னா அரைப் பக்கம், மரபணுன்னா அரைப் பக்கம். பல் விளக்கிக்கிட்டே படிச்சிடலாம்.

— கருந்துளை படிச்சேன். நல்லா இருந்துச்சு. வாசல் இருக்கு, திரும்பி வர கதவு இல்லைன்னு எழுதியிருந்தீங்க.

— பாத்தீங்களா! அந்த ஒரு வரியை எழுத எந்தப் பேராசிரியனுக்கு வரும்? புத்தகம் நீங்களா வாங்கினது?

— பொண்ணு வாங்கினா.

— என்ன படிக்கறா?

— படிச்சு முடிச்சுட்டா.

— அப்ப அவளுக்கு இருக்கற புத்தி அம்மாவுக்கு இல்லை. சரி, மரபணுச் சான்றுல என்ன குறை? சொல்லுங்க, சிரிச்சுட்டுப் போறேன்.

— வாசிக்கறேன் சார். ‘மரபணு பொய் சொல்லாது. அது கிடைத்த இடத்தில் அதன் சொந்தக்காரர் இருந்திருக்கிறார். மறுபேச்சுக்கே இடமில்லை.’

— அடடா! அதைப் போயா குறைன்னு தூக்கிக்கிட்டு வந்தீங்க? திரும்பி அந்தச் சுவத்தைப் பாருங்க. என்ன மாட்டியிருக்கு?

— பேப்பர்ல வந்த செய்தி. கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கீங்க.

— ‘நீதிமன்றத்தில் ஒலித்த அறிவியல் நூல்.’ கொட்டை எழுத்துல. அந்த லிஃப்ட் மெக்கானிக் கேஸு, ஞாபகம் இருக்கா? அடுக்குமாடி வீட்டுல ஒரு பொண்ணை அவ கைப்பை வாராலயே கழுத்தை நெரிச்சு...

— விவரம் தெரியும் சார்.

— அந்த வார்ல அவனோட மரபணு. இவன் என்னடான்னா, ‘நான் அந்த வீட்டு வாசப்படியே மிதிச்சதில்லை’ன்னு சாதிக்கறான். லேப் அதிகாரி ஒருத்தர் ஏறி நின்னு ஏதோ கிரேக்கம் பேசியிருக்காரு. கோர்ட்டே கொட்டாவி விட்டுச்சாம். அப்ப அரசு வக்கீல் என்ன பண்ணாரு? என் புத்தகத்தை எடுத்தாரு. நீங்க இப்ப வாசிச்சீங்களே, அதே மூணு வரி. முடிஞ்சது கேஸு. ஆயுள் தண்டனை. தீர்ப்புலயே என் வரியை எடுத்துப் போட்டிருக்காங்க!

— நான் அங்கதான் இருந்தேன்.

— எங்க?

— கோர்ட்டுல. எல்லா வாய்தாவுக்கும் போனேன். அந்த லேப் அதிகாரி கிரேக்கம் பேசல சார். மெதுவா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தமிழ்லதான் பேசினாரு. ‘வார்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம், வேற ஆளுங்களோடதும் கலந்திருக்கு, அவனோடதும் பொருந்துது, ஆனா’ன்னு ஆரம்பிச்சாரு. அரசு வக்கீல் ‘ஆனா கீனா எல்லாம் வேண்டாம், அது அவனோடதா இல்லையா’ன்னாரு. ‘அவனோடதுதான்’னு இறங்கிட்டாரு. அந்த ‘ஆனா’வுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— ஓ... இப்பப் புரியுது. நீங்க அந்த மெக்கானிக் தரப்பு.

— அவன் சம்சாரமும் நானும் வராந்தாவுல ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருப்போம்.

— சொல்லிட்டே வந்திருக்கலாமே! ‘என் ஆளை மாட்டி விட்டுட்டீங்க’ன்னு முதல்லயே மூக்கைச் சிந்தியிருந்தா, நான் இவ்வளவு நேரம் பேசியே இருக்க மாட்டேன்.

— நான் மூக்கைச் சிந்தல சார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போயிடறேன். ஒருத்தரோட மரபணு ஒரு பொருள்ல இருந்தா, அவர் அந்தப் பொருளைத் தொட்டிருக்கணும். அப்படித்தானே?

— சாதாரணமா.

— சாதாரணமான்னா?

— அதாவதும்மா... இது உங்களுக்குப் புரியாது. எளிமையா ஒரு உதாரணம் சொல்றேன். இப்ப நான் உங்களுக்குக் கை கொடுக்கறேன்னு வைங்க. என் தோல்லேருந்து கண்ணுக்குத் தெரியாத தூசு மாதிரி கொஞ்சம் உங்க கையில ஒட்டிக்கும். நீங்க போற வழியில ஒரு கடைக் கதவைத் தள்றீங்க. அது கதவுல ஒட்டிக்கும். இப்ப அந்தக் கதவைச் சோதிச்சா என் மரபணு இருக்கலாம். நான் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

— இருக்கலாமா?

— தாராளமா இருக்கலாம். இது இந்தத் துறையில பச்சக் குழந்தைக்குத் தெரிஞ்ச விஷயம். யாரோடதுன்னுதான் சோதனை சொல்லும். எப்படி வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது.

— அப்ப உங்களுக்குத் தெரியும்.

— என்ன கேள்வி இது? தெரியாமயா புத்தகம் எழுதுவேன்?

— தெரிஞ்சுதான் ‘மறுபேச்சுக்கே இடமில்லை’ன்னு எழுதினீங்க.

— ...அது வேறம்மா. அது நடை. வாசகனுக்கு ஒரு உதை வேணும். கடைசி வரி நெத்தியடியா இருக்கணும்.

— நெத்தியடி. சரி, பதிஞ்சுக்கறேன்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க, எரிச்சலா வருது. இங்க பாருங்க, அரைப் பக்கத்துல எவ்வளவுதான் அடைக்க முடியும்? இடமில்லை.

— ஏங்க, இடமில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பின் அட்டையில உங்க போட்டோவுக்கு முழுசா இடம் இருந்துச்சு. கன்னத்துல கை வச்சுக்கிட்டு, ஏதோ அண்டத்தை அடகு பிடிச்ச மாதிரி.

— உன்னை உள்ள போகச் சொன்னேன்ல?

— தண்ணி கொடுக்க வந்தேங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா. எடுத்துக்கங்கம்மா.

— ரொம்ப தாங்க்ஸுங்க. சார், இடம் பத்தி நானும் யோசிச்சேன். ‘சில சமயம்’னு ரெண்டு வார்த்தை. ‘தொடாமலும் வந்து சேரலாம்’னு மூணு வார்த்தை. அந்தத் தலைப்புக்குக் கீழ ஒரு விரற்கடை வெத்திடமே கிடக்கு. ஒரு பூ படம் போட்டு நிரப்பியிருக்கீங்க.

— பொதுமக்களுக்கு ‘சில சமயம்’ பிடிக்காது! அதை மொதல்ல நீங்க புரிஞ்சுக்கணும். இருபது வருஷமா இந்த ஜனங்களுக்கு எழுதறேன். இவங்களுக்கு வேண்டியது ஆமாவா, இல்லையா. நடுவுல ஒரு ‘இருக்கலாம்’ வந்தா புத்தகத்தை மூடிடுவாங்க. பாதிப் பேர் வாங்கறதே அலமாரியில அடுக்கத்தான். வர்றவன் போறவன் பார்க்கணும், ‘ஆஹா, படிச்ச குடும்பம்’னு சொல்லணும். மீதிப் பேர் டீக்கடையில ஜம்பம் அடிக்கப் படிக்கறான். இவங்களுக்காக நான் நுணுக்கம் பார்த்து நுணுக்கம் பார்த்து சாகணுமா?

— அலமாரியில அடுக்கறவங்க, ஜம்பம் அடிக்கறவங்க. அப்புறம் தீர்ப்பு எழுதறவங்க.

— நீதிபதி என் புத்தகத்தைத்தான் பார்க்கணும்னு நானா சொன்னேன்? லேப் அதிகாரி புரியற மாதிரி பேசியிருக்கணும். அது அந்தாள் கையாலாகாத்தனம்.

— அவர் உண்மையைச் சொல்லத் திணறினாரு சார். நீங்க திணறாம எழுதினீங்க. கோர்ட்டுல எல்லாருக்கும் உங்களைத்தான் புரிஞ்சுது. எனக்கும்தான். அன்னைக்கு உங்க மூணு வரியைக் கேட்டதும், ‘அப்பாடா, இவன்தான்’னு எனக்கே ஒரு நிம்மதி வந்துச்சு.

— உங்களுக்கேவா? பலே. சொந்தக்காரங்களே நம்பற அளவுக்கு எழுதியிருக்கேன்னா, அது பாராட்டுதானே!

— ஏங்க, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அவங்க சொல்றதைக் கேளுங்களேன். நீங்க சொல்லுங்கம்மா. அப்புறம் எப்படிச் சந்தேகம் வந்துச்சு?

— அந்தப் பையன் அன்னைக்குக் காலையில லிஃப்ட் உள்ள கைப்பிடிக் கம்பியைக் கழட்டி மாட்டியிருக்கான். கையுறை கூடப் போடல. அந்தப் பொண்ணு அதே லிஃப்ட்ல இறங்கி, கடைக்குப் போயிட்டு, அதுலயே ஏறியிருக்கா. அவளுக்கு லிஃப்ட்ல தலை சுத்தும், கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பா. அந்தப் பை வாரும் தோள்ல நிக்காது. கம்பியை விட்ட கையாலயே மேல இழுத்து இழுத்து விட்டுக்குவா. நீங்க சொன்ன கடைக் கதவு மாதிரி இதுவும் இருக்கலாமா சார்?

— உங்க வக்கீல் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காரு.

— வக்கீல் சொன்னதில்ல. இருக்கலாமா, இருக்காதா? ஆமா, இல்லைன்னு சொன்னா போதும். பொதுமக்கள்ல ஒருத்திதானே நான்.

— ...இருக்கலாம். ஆனா இருக்கலாம்ங்கறதை வச்சு ஒருத்தனை விட முடியாது.

— அதையே வச்சு உள்ள தள்ளவும் கூடாதுல்ல?

— அம்மா, உங்களுக்கு இப்ப என்னதான் வேணும்?

— ரெண்டு விஷயம். அடுத்த வாரம் அப்பீல் விசாரணைக்கு வருது. அந்தப் பையனோட வக்கீலைப் போய்ப் பார்த்தேன். உங்க வரி தீர்ப்புல இருக்கறதால, நீங்களே வந்து ‘அது முழு உண்மை இல்லை’ன்னு சொன்னா எடுத்துக்குவாங்களாம். இப்ப எனக்குச் சொன்னீங்களே கை கொடுத்த கதை, அதை அங்க வந்து சொல்லுங்க. ரெண்டாவது, இன்னைக்கு மெஷின்ல ஏறுற புத்தகத்துல அந்த வரியை மாத்துங்க.

— நானே போய் நின்னு, என் புத்தகம் தப்புன்னு சொல்லணும்.

— தப்புன்னு இல்ல. பாதின்னு.

— அடுத்த நாள் பேப்பர்ல என்ன வரும் தெரியுமா? ‘அறிவியல் எழுத்தாளர் பல்டி.’ இதே கொட்டை எழுத்துல. இத்தனை வருஷமா எனக்கு எதிரா கத்தி தீட்டிக்கிட்டு இருக்கானுங்களே பேராசிரியனுங்க, அவனுங்க வெடி வச்சுக் கொண்டாடுவானுங்க. ‘அரைப் பக்கம்னா அரைகுறை’ன்னு ஏற்கனவே ஒருத்தன் எழுதிட்டான். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்காக என் பேரை நான் தெருவுல போடணும். அப்படித்தானே?

— அந்தப் பையன் ஜெயில்ல இருக்கான் சார்.

— இருக்கட்டும்! எதுக்கு இருக்கான்? போலீஸ்காரனுக்கு வேற வேலை இல்லையா? வேற ஆதாரம் இல்லாமயா பிடிச்சிருப்பான்?

— இல்ல சார். அன்னைக்கு அந்தக் கட்டடத்துல இருந்தான், வார்ல அவனோடது இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் போலீஸ் வேற யாரையும் தேடல. அந்த வார்ல கலந்திருந்த மத்த ஆளுங்க யாருன்னு கூடப் பார்க்கல. உங்க வரி இருக்கும்போது எதுக்குத் தேடணும்? கொன்னவன் எவனோ, இன்னைக்கும் ஏதோ ஒரு வீட்டுல ஃபேன் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்.

— எல்லாக் குற்றவாளி வீட்டுலயும் இந்தப் பாட்டைத்தான் பாடுவாங்க. ‘எங்க புள்ள இல்லை, வேற எவனோ.’ எனக்குக் கேட்டுப் புளிச்சுப் போச்சு.

— ஏங்க, போன் அடிக்குது. அச்சகம்தான்.

— கொடு இப்படி. ஹலோ... ஆமாப்பா, நான்தான்... எல்லாம் பார்த்தாச்சு... ஒரு நிமிஷம் இரு.

— ஏங்க, நில்லுன்னு சொல்லுங்க. ஒரு வரிதானே? அஞ்சு நிமிஷத்துல அடிச்சுத் தர்றேன் நான்.

— சார், ‘சில சமயம்’. ரெண்டே வார்த்தை.

— நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஹலோ... இல்லப்பா, ஒண்ணும் இல்ல, வீட்டுல ஒரு ஆள் வந்திருக்காங்க... ‘ம’ வரிசையா? அதுல எதுக்குக் கை வைக்கணும்? கோர்ட்டே ஏத்துக்கிட்ட வரிப்பா அது. பின் அட்டையில அதையும் சேர்த்துப் போடச் சொன்னேனே, போட்டாச்சா?... ஆங், அப்படியே ஏத்து. ஓட்டு மெஷினை.

— தூ.

— யாரைப் பார்த்துடி துப்பற?

— நான் டைப் அடிச்ச கையைப் பார்த்துத் துப்பினேன். உங்களை ஒண்ணும் சொல்லலப்பா.

— சரி சார். ஓட்டுங்க. நான் கிளம்பறேன். புத்தகம் இங்கயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.

— என்ன, மூஞ்சி சுருங்கிடுச்சு? இவ்வளவு நேரம் கலெக்டர் மாதிரி கேள்வி கேட்டீங்க. நியாயம் பேசறீங்களாம் நியாயம்! உங்க ஆளு வெளிய வரணும், அதுக்கு என் பேரு நாறணும், ஊர் உலகத்துல எவனோ முகம் தெரியாதவன் மேல பழி போகணும். இதுக்குப் பேரு சுயநலம்மா.

— ஏங்க, வேண்டாம். போதும்.

— நீ நிறுத்து. நான் கேட்டே தீரணும். இத்தனை வாய்தாவுக்குப் போனீங்களே, அந்தச் செத்துப்போன பொண்ணை ஒரு நிமிஷம் நெனச்சீங்களா? அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாளே, அதே கோர்ட்டுல எங்கயாவது ஒரு மூலையில உக்காந்திருப்பாளே! ‘இவனை விட்டுடுங்க’ன்னு அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா உங்களால? அந்தத் தைரியம் இருக்கா?

— தினம் காலையில தலை வாரும்போது கண்ணாடியில பார்த்துச் சொல்லிக்கிட்டுதான் சார் இருக்கேன். அவளைப் பெத்தவ நான்தான்.